ஆறாம் தளம், வடக்குக் கூடம்

என் மகளின் கல்யாணப் பேச்சு ஐப்பசி மாதத்தில் நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்பது எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்லி முடித்த வழக்கு. மேல்முறையீட்டுக்கும் இடமில்லை. அன்றைய நாட்குறிப்பு என் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. விடிகாலையில் மழை. பத்தே முக்கால் பஸ்ஸில் மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஆலங்குடியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை என்று சொல்ல அப்போது எனக்கு உரிமையில்லை. எழுத வசதியாக இருக்கிறது என்பதால் சொல்கிறேன். அவர்கள் விராலிமலைக்குப் பக்கத்தில் நெல்லும் கடலையும் போடுகிற குடும்பம். பையன் பயணிகள் கப்பல் ஒன்றில் சமையல்காரன். கப்பல் வேலைக்கான மருத்துவச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் புதுக்கோட்டையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தவனுக்கு, ரத்தம் எடுத்த பெண்ணை மறக்க முடியவில்லை. எடுத்தவள் என் மகள். விசாரித்ததில் தூரத்துச் சொந்தமாகவும் வந்தது. ஜாதகம் பொருந்தியது. இனிப் பொருந்த வேண்டியது இரண்டு அப்பாக்கள் மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண் வீட்டில் காப்பி குடிப்பார்கள். கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். அன்றைக்கு அவர்கள் கை நனைக்கத் தயாராகவே வந்திருந்தார்கள். உள்ளே இலை கழுவி வைத்தாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவன் எழுந்து வாய் திறந்து "சாப்பிட வாங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு குளம், கோயில், பஸ் நிலையம் என்று எது கண்ணில் பட்டாலும் அளந்து படம் போட்டு வைக்கிற பழக்கம் வந்துவிட்டது. அன்றைக்குக் குடுமியான்மலைக் கோயிலுக்கு நான் போட்ட வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு தூணாக மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் "ம்" என்றார். அதை ஆர்வம் என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றேகாலுக்கு என் மனைவி கதவோரம் வந்து இருமினாள். மழைக்கால இருமல் என்று நினைத்தேன். இரண்டு பத்துக்கு அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு சார். வாரோம்."

நான் பஸ் நிலையம் வரை போய் ஏற்றிவிட்டும் வந்தேன். திரும்பி வந்தபோதுதான் வீட்டில் மூன்று நாட்களுக்குப் போதுமான பாயாசம் இருப்பது தெரிந்தது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் இரண்டு பக்கமும் சத்தமில்லை. கூப்பிடாத வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்பது அவர்கள் பேச்சு. வந்தவர் ஏன் சாப்பிடாமல் போனார் என்பது எங்கள் சொந்தக்காரர்களின் பேச்சு. மகள் எனக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் "அப்பா, சாப்பிட வாங்க" என்று ஒவ்வொரு எழுத்தாக அழுத்திச் சொல்ல ஆரம்பித்தாள்.

மாசி மாதத்தில் மாப்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் வேலை பார்க்கிற கப்பல் சென்னையிலிருந்து வெள்ளிக்கிழமை கிளம்பி, சனிக்கிழமை முழுதும் கடலில் சுற்றிவிட்டு, ஞாயிறு காலையில் சென்னைக்கே திரும்பும். வேலை பார்க்கிறவர்களின் குடும்பத்துக்கு அதில் ஒரு சலுகை உண்டு. அவன் இரண்டு குடும்பத்தையும் ஏற்றிவிட முடிவு செய்தான். கப்பல் யார் வீடும் இல்லை, அதனால் யாரும் யார் வாசலுக்கும் இறங்கிப் போனதாக ஆகாது என்றானாம். அதோடு நடுவில் எழுந்து பஸ் ஏறவும் முடியாது. இரண்டாவது காரணம் என்னை உத்தேசித்துச் சொல்லப்பட்டது.

வெள்ளிக்கிழமை பகல் ஒன்றரைக்கு ஏறினோம். பதினொரு தளம். லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஆளுயரத்துக்குக் கப்பலின் வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. நம் ஊர்க் கல்வெட்டுகளுக்குக் கிடைக்கிற மரியாதைதான் அதற்கும்: எல்லோரும் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், ஒருவரும் படிக்கவில்லை. நான் படித்தேன். இரண்டு பிழைகள் இருந்தன. ஒன்பதாம் தளத்து நூலகம் என்று போட்டிருந்த இடத்தில் அழகு நிலையம் இருந்தது. மேலும், எந்தப் பக்கம் வடக்கு என்று எங்குமே குறிப்பிடவில்லை. வடக்கு போடாத படத்தை எங்கள் அலுவலகத்தில் படம் என்றே சொல்ல மாட்டோம். ஆகவே நான் சொந்தமாக ஒன்று போடுவது என்று முடிவு செய்தேன்.

நடுமுற்றத்திலிருந்து தொடங்கினேன். ஐந்தாம் தளத்தில் ஆரம்பித்து மூன்று மாடி உயரத்துக்குத் திறந்து கிடக்கிறது. நடுவில் ஒருவர் பியானோ வாசித்துக்கொண்டிருக்க, இரண்டு கண்ணாடி லிஃப்டுகள் ஏறி இறங்கியபடி இருந்தன. உள்ளே நிற்கிற எல்லோருக்கும் வெளியே நிற்கிறவர்களைப் பார்த்துக் கையசைக்கத் தோன்றுகிறது, நானும் அசைத்தேன். எட்டாம் தளத்தில் கப்பலைச் சுற்றி நடக்க ஒரு பாதை, தலைக்கு மேலே வரிசையாக ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகுகள். பத்தாம் தளத்தில் நீச்சல் குளம். கடலுக்கு நடுவில் குளத்துக்கு என்ன அவசியம் என்று என் மனைவி கேட்டாள். சுற்றிலும் ஈர உடம்போடு படுத்திருந்த கூட்டத்தைப் பார்த்ததும் அவளே பேச்சை மாற்றினாள்.

சாப்பாட்டுக்கு மட்டும் பதினோரு இடங்கள். பத்தாம் தளத்தில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்கிற பெரிய கூடம், காலை ஏழிலிருந்து மூடுவதே இல்லை. அதன் ஒரு மூலையில் தோசைக்கல். முன்னால் நின்ற வரிசை சனிக்கிழமை மாலை ஆலங்குடி பஸ் நிலையத்தை நினைவூட்டியது. குளத்தங்கரையில் சுட்ட கோழி, அதற்கு எதிரே வெங்காயம் பூண்டு இல்லாமல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு தனிக் கவுன்ட்டர். கோழி வாசனை காற்றோடு நேராக அங்கேதான் போய்ச் சேர்ந்தது. நூடுல்ஸ் கடை, பீட்சா கடை, ஐஸ்கிரீம் வண்டி, நடுமுற்றத்தில் காப்பிக் கடை. எல்லாவற்றுக்கும் மேலாக, மேசைத்துணி விரித்து, உட்கார வைத்துப் பரிமாறுகிற இரண்டு பெரிய கூடங்கள் ஆறாம் தளத்தில். ஒன்று கப்பலின் முன்பக்கம், ஒன்று பின்பக்கம். இரண்டுக்கும் நடுவில் சமையலறை. அதற்குள்தான் மாப்பிள்ளை. சமையலறை வழியாகப் பயணிகள் போக முடியாது. ஒரு கூடத்திலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் ஏழாம் தளத்துக்கு ஏறி, தாழ்வாரம் முழுக்க நடந்து, அந்தப் பக்கம் இறங்க வேண்டும்.

துறைமுகத்தில் கப்பல் வடக்கே மூக்கை வைத்து நின்றது. வெயிலைப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். ஆகவே என் படத்தில் முன்பக்கத்துக் கூடம் வடக்குக் கூடம் ஆயிற்று. பின்பக்கம் தெற்குக் கூடம். தெற்குக் கூடத்தில் அன்று ஏதோ கம்பெனிக் கூட்டம், கதவு சாத்தியிருந்தது. "மூடப்பட்டது" என்று எழுதிக் கட்டம் கட்டினேன். வடக்கு என்று ஒரு தடித்த அம்புக்குறி போட்டேன். பழைய கை, நன்றாகவே வந்தது.

நான்கு மணிக்கு எல்லோரையும் எட்டாம் தளத்தில் நிற்க வைத்து, உயிர்காப்புச் சட்டை போடக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கேதான் இரண்டு குடும்பமும் நான்கு மாதத்துக்குப் பிறகு ஒரே வரிசையில் நின்றன. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் ஆரஞ்சுச் சட்டையோடு விராலிமலைக்காரர் கம்பீரமாகவே இருந்தார். கழுத்தில் தொங்கிய விசிலை மட்டும் சந்தேகமாகப் பார்த்தார். சௌகரியமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"இருக்கோம் சார்" என்றார். அந்த 'சார்' முழுசாக ஒரு கஜம் நீளம் இருந்தது.

ஐந்து மணிக்குக் கப்பல் கிளம்பியது. இழுவைப் படகுகள் வந்து அதை முனகிக்கொண்டே திருப்பினவாம். நான் பார்க்கவில்லை. அந்த நேரம் ஏழாம் தளத்தின் தாழ்வாரத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தேன். இருநூற்றெண்பத்தாறு காலடி. இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஜன்னல் கிடையாது, முன்கோடியில் நடன அரங்கு, தரையில் நீலக் கம்பளம். கம்பளத்தில் மீன் மீனாகப் போட்டிருந்தது. அதையும் குறிப்பில் எழுதினேன்: "கம்பளம், மீன் படம்." அதற்கு மேல் மீனைப் பற்றி யோசிக்கவில்லை.

மேலே நின்று வேடிக்கை பார்த்துவிட்டு வந்த என் மனைவி, சென்னை இங்கிட்டு இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கிட்டுப் போய்விட்டது என்றாள். ஊரைப் பிரிகிற வருத்தத்தை அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்து, நன்றாக இருக்கிறதே என்று அதையும் எழுதிக்கொண்டேன்.

அன்று மாலைச் சாப்பாட்டுக்குப் பத்தாம் தளத்தில் அவர்களைப் பார்த்தோம். மூன்று மேசை தள்ளி, எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவரவர் தட்டில் அவரவர் எடுத்துக்கொள்கிற இடம். அது கை நனைத்ததாகக் கணக்கில் வராது. ஆனால் விராலிமலைக்காரர் சரியாகச் சாப்பிடவுமில்லை. காரணம் அங்கிருந்த பரிசாரகர். நல்ல மனிதர், வடக்கத்திக்காரர், தமிழ் கொஞ்சம் தெரியும். இனிப்புத் தட்டோடு இவர் பக்கத்தில் போய் வேண்டுமா என்று கேட்டார். நம் ஊரில் முதல் தடவை கேட்டால் "இருக்கட்டும்" என்போம். இரண்டாவது தடவை "அப்புறம் பாத்துக்கலாம்" என்போம். மூன்றாவது தடவைக்கு இலையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துவோம். இது எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு. விராலிமலைக்காரர் "இருக்கட்டும்" என்றார். பரிசாரகர் புன்னகையோடு தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். குலாப் ஜாமூன் போவதையே அவர் கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்ததை என் மகள்தான் கவனித்தாள்.

"பாத்தீங்களாப்பா? அவர் ஆசைப்படலன்னு இல்ல. கூப்புடுற மாதிரி கூப்புடணும். நாளைக்குக் காலையில நீங்களே அவங்க ரூமுக்குப் போயி, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்புடுறீங்க. படம் கிடம் எதையும் தூக்கிட்டுப் போகாதீங்க."

சனிக்கிழமை காலை எட்டு பத்துக்குப் போனேன். படத்தை எடுத்துக்கொண்டுதான் போனேன். இடம் தெரியாமல் அவர்கள் அலையக் கூடாதே. அவர் குளித்து, திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். எட்டாம் தளத்தில் விடியற்காலையிலேயே மூன்று சுற்று வந்துவிட்டாராம். எல்லோரும் இடமாகச் சுற்றும்போது இவர் மட்டும் கோயில் முறைப்படி வலமாகச் சுற்றியதால், எதிரே வந்த அத்தனை பேரும் இவருக்கு வணக்கம் சொல்லும்படி ஆகியிருக்கிறது. கப்பலில் மரியாதை தெரிந்த ஜனங்கள் என்றார். பேச்சு நன்றாக ஆரம்பித்தது.

நான் நின்றபடியே, நான்கு மாதம் தாமதமாகச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னைக்கு மத்தியானம் எங்களோட சாப்பிட வரணும். பன்னெண்டரை மணி. ஆறாம் தளம், வடக்குக் கூடம். நேத்து டான்ஸ் ஆடுனாங்கல்ல, அந்த அரங்குக்கு நேர் கீழ."

அவர் முதலில் "இருக்கட்டும் சார்" என்றார். நான் விடவில்லை. மறுபடி கூப்பிட்டேன். "அதுக்கென்ன, வந்துட்டாப் போச்சு" என்றார். மூன்றாவது தடவை கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்குள் படத்தை விரித்துவிட்டேன். அவர் அதை வாங்கி, "வடக்குக் கூடம்தானே, போதும்" என்று மடித்து மனைவியிடம் கொடுத்தார்.

பன்னிரண்டு இருபதுக்கு நாங்கள் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். ஆறு நாற்காலி உள்ள வட்ட மேசை. மகள் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். எங்களுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அதற்குப் பின்னால் சட்டிகள் மோதுகிற சத்தம் கேட்டது. பன்னிரண்டரை ஆயிற்று. பன்னிரண்டே முக்கால். விருந்தாளி வராமல் நாங்கள் சாப்பிடக் கூடாது. பரிசாரகர் வந்து கேட்டபோதெல்லாம் திருப்பி அனுப்பினோம். செல்போனில் சிக்னல் இல்லை. ஒரு மணிக்கு என் மனைவி இரும ஆரம்பித்தாள். இந்தத் தடவை எனக்கு அர்த்தம் புரிந்தது, ஆனால் கூப்பிட ஆள் இல்லை.

மகள் எழுந்து தேடப் போனாள். அவர்கள் அறை பூட்டியிருந்தது. தோசைக்கல், நூடுல்ஸ், பீட்சா, குளத்தங்கரை என்று ஒன்பது இடங்களையும் பார்த்துவிட்டு ஒன்றரைக்கு வந்தாள். பின்னால் இருக்கிற இன்னொரு கூடத்தைப் பார்க்கவில்லையே என்று இழுத்தாள். நான் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். மூடப்பட்டது. கட்டம் கட்டி எழுதியிருந்தது. அவளும் என் மகள்தானே, எழுதியிருப்பதை நம்பினாள்.

"வரமாட்டாங்கப்பா" என்றாள். "போன தடவை நாம கூப்பிடல. இந்தத் தடவை அவங்க வரல. சரியாப் போச்சு."

அழவில்லை. துணி நாப்கினை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். எனக்கு எழுத ஒன்றுமில்லை. ஒன்று முப்பத்தைந்து என்று மட்டும் எழுதி நிறுத்தினேன்.

ஒன்று ஐம்பதுக்குக் கூடத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா வந்தார். கையில் செருப்பு. தலைமுடி கலைந்திருந்தது. நேராக என் மனைவியின் பக்கத்தில் வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் மதினி, நீங்க இங்கிட்டா இருக்கீங்க? நாங்க பன்னெண்டேகால்லேருந்து அங்கிட்டுக் காத்துக் கெடக்கோம். கூப்புட்டுட்டு வராம இருக்காகளேன்னு அவுக மூஞ்சியே சரியில்ல. எந்திரிக்கவும் மாட்டேங்கிறாக. எனக்குத்தான் மனசு கேக்கல."

பின்பக்கத்துக் கூடத்தில் இருந்திருக்கிறார்கள். எப்படி எங்களைக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். நியாயமாகப் படம் உதவியது என்று எதிர்பார்த்தேன்.

"மீனப் பாத்துத்தான் அண்ணே. மேல தாவாரத்துல வெரிப்பு இருக்குல்ல, அதுல மீனெல்லாம் ஒரே பக்கமாத்தான் போவுது. நேத்து டான்ஸ் பாக்கப் போறப்ப மீனுகூடயே போனோம், திரும்புறப்ப எதுத்தாப்புல வந்துச்சு. நீங்க டான்ஸுக்குக் கீழன்னு சொன்னீங்க. மீனு போற பக்கமே வந்தேன், படியெறங்கினேன், இந்தா இருக்கீங்க."

இருநூற்றெண்பத்தாறு காலடி நடந்து அளந்தவன் நான். அத்தனை மீன்களும் கப்பலின் மூக்கைப் பார்த்தே நீந்துகின்றன என்பதை இரண்டு நாளில் நான் பார்க்கவில்லை.

நாலு பேரும் மீன்களுக்கு எதிர்த்திசையில் ஓட்டமும் நடையுமாகப் போனோம். செருப்பைக் கையில் பிடித்தபடி அந்த அம்மா முன்னால் போக, நாங்கள் பின்னால்.

பின்பக்கத்துக் கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. மற்ற மேசைகளில் துணியை உருவிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு வட்ட மேசையில் மட்டும் விராலிமலைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் தட்டு சுத்தமாக இருந்தது. அவருக்கு வலப்பக்கத்து நாற்காலிகள் இரண்டின் குறுக்கே அவருடைய துண்டு கிடந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் போட்டு இடம் பிடிப்பது போல. இன்னொரு நாற்காலியில் அவர் மனைவியின் கைப்பை. கல்யாணப் பெண்ணுக்கு என்று அதை வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

நான்கு மாதமாக அந்த மனிதரைப் பற்றி என்னவெல்லாம் எழுதியிருந்தேன்! அந்தத் துண்டைப் பார்த்ததும் அத்தனையும் பிழை என்று தெரிந்துவிட்டது. வேண்டாம் என்கிறவர் துண்டு போட மாட்டார்.

"சார், வடக்குன்னுதானே சொன்னீங்க?" என்றார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் பசி அதைவிடக் கூடுதலாக இருந்தது.

வடக்கு என்றுதான் சொன்னேன், வடக்கில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன்.

"இது வடக்கு" என்று மேசையைத் தட்டினார். "காலையில பொழுது எடது கைப் பக்கம் கெளம்புச்சு. அப்ப கப்பலு மூக்கு தெக்க, முதுகு வடக்க. இதுல என்ன சார் இருக்கு?"

ஒன்றும் இல்லைதான். துறைமுகத்தில் வடக்கே பார்த்து நின்ற கப்பலை இழுவைப் படகுகள் திருப்பிவிட்டன. வெள்ளி மாலையிலிருந்து அது தெற்கே போய்க்கொண்டிருந்தது. அவர் மனைவி மடித்து வைத்திருந்த படத்தை வாங்கிப் பிரித்தேன். என் அம்புக்குறி தடியாக, அழகாக, கொஞ்சமும் கூச்சமில்லாமல் தெற்கைக் காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் துறையில் எல்லைக்கல் நகரும். ஆளைக் கூப்பிட்டு விசாரிப்போம். நிலமே எழுந்து திரும்பி நடந்து நான் பார்த்ததில்லை.

என் மனைவிக்கு அதுவே போதுமாக இருந்தது. "நேத்தே சொன்னேன்ல, சென்னை இங்கிட்டிருந்து அங்கிட்டுப் போயிருச்சுன்னு. அத நோட்டுல வேற எழுதுனாக."

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன். அப்போது மேசையில் வெளிச்சம் நகர்ந்தது. வலப்பக்கத்துக் கண்ணாடி ஜன்னல்கள் வழியாக விழுந்துகொண்டிருந்த மேற்கு வெயில், தண்ணீர்க் குவளைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, தட்டின் விளிம்பில் ஏறி, மெல்லக் கூடத்தின் பின்கண்ணாடிக்குப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் இடப்பக்கத்து ஜன்னல்களில் வந்து நின்றது. எங்கள் எல்லோருடைய நிழல்களும் மேசையைச் சுற்றி வந்தன. கப்பல் சென்னையை நோக்கி மறுபடி வடக்கே திரும்பிவிட்டது.

விராலிமலைக்காரர் ஜன்னலைப் பார்த்தார். என் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். அவர் மீசை ஆட ஆரம்பித்தது.

"இப்ப நீங்க சொன்னது சரியாப் போச்சு சார். ஆறு மணி நேரம் முன்னாடியே சொல்லிட்டீங்க, அம்புட்டுத்தான்."

முதலில் சிரித்தது அவர் மனைவி. பிறகு என் மனைவி. மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் காலை மிதித்தாள். அப்போதுதான் கவனித்தேன், பரிசாரகர் எங்கள் மேசைத் துணியையும் எடுக்கலாமா என்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"சாப்பிட வாங்க" என்றேன். ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்து.

அவர் முகம் மறுபடி கட்டுக்குள் வந்தது. "இருக்கட்டும். நீங்க சாப்பிடுங்க."

"இல்ல, நீங்க சாப்பிட வரணும்."

"அப்புறம் பாத்துக்கலாம்."

பரிசாரகர் துணியின் ஓரத்தைப் பிடித்துவிட்டார். அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். கப்பலில் ஏறிய பிறகு நான் செய்த ஒரே அவசரமான காரியம் அதுதான்.

"எங்ககூடச் சாப்பிடணும். பிள்ளைக்காக."

விராலிமலைக்காரர் எழுந்தார். துண்டை எடுத்து உதறினார். ஆலங்குடியில் அதே துண்டு, அதே உதறல். ஆனால் அதைத் தோளில் போடவில்லை. காலியான நாற்காலியின் முதுகை ஒரு கையால் பின்னுக்கு இழுத்தார்.

"மூணு தடவை கூப்பிட்டாச்சு. இனிமே எந்திரிச்சுப் போனா எம்மேல தப்பு. ஒக்காருங்க சம்பந்தி."

மகள் உட்கார்ந்த வேகத்தில் கைப்பை கீழே விழுந்தது.

கூடம் மூடுகிற நேரம். சோறு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், தயிர் இவ்வளவுதான் மிச்சம் என்றார்கள். போதும் என்றோம். மாப்பிள்ளையே கொண்டுவந்தான். வெள்ளைக் கோட்டும் உயரத் தொப்பியுமாக அவனை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சமையலறையில் அன்று பகல் முழுக்க இரண்டு மேசைகளைப் பற்றித்தான் பேச்சாம்: முன்கூடத்தில் ஒரு மேசை நோட்டில் எழுதுகிறது, சாப்பிடவில்லை, பின்கூடத்தில் ஒரு மேசை துண்டு போட்டிருக்கிறது, சாப்பிடவில்லை. இரண்டும் ஒரே விருந்து என்று அவனுக்குத் துண்டின் நிறத்தைச் சொன்ன பிறகுதான் புரிந்திருக்கிறது. பயணிகளோடு உட்கார அவனுக்கு அனுமதியில்லை. நின்று பரிமாறினான். கடல் நடுவே இத்தனை நூறு பேருக்குச் சமைக்கிற மகனை முதல் தடவையாகப் பார்த்த அந்த அம்மா, மதினி தட்டில் ஒப்புக்கு ஒரு கரண்டி வைக்கிறானே, நன்றாகப் போடு என்று அதட்டினார்.

மேசையில் முள்கரண்டி, கத்தி, சின்னதும் பெரியதுமாக ஸ்பூன்கள். சம்பந்தி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஓரமாக ஒதுக்கினார். குவளையிலிருந்த தண்ணீரை வலது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, விரல்களை நனைத்துக்கொண்டார். பிறகு சோற்றில் கை வைத்தார். மணி இரண்டு நாற்பது. இதை நோட்டுப் புத்தகத்தில் எழுதியது நான் அல்ல. என் கை நனைந்திருந்தது. மகள் இடது கையால் எழுதினாள். எழுத்து கோணலாக இருக்கிறது, ஆனால் நேரம் சரி.

கல்யாணம் வைகாசியில், விராலிமலையில். பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழிகாட்டும் படம் ஒன்று போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். சம்பந்திதான் என் பெயரைச் சொன்னாராம். நான் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு போட்டேன். நெடுஞ்சாலை, பஸ் நிறுத்தம், மலைக்கோயில் வளைவு, மண்டபம், பந்தி நடக்கிற இடம், கை கழுவுகிற குழாய் வரை எல்லாம் வந்தது. திசை போடுகிற மூலையை மட்டும் வெறுமையாக விட்டேன். கொஞ்சம் யோசித்து, அங்கே ஒரு சின்ன மீன் வரைந்து, அது மண்டபத்தைப் பார்த்து நீந்துகிற மாதிரி வைத்தேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முதல் நாள் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது.

"மீனு நல்லாருக்கு. அது இருக்கட்டும். மண்டபம் எந்திரிச்சுத் திரும்பாது சம்பந்தி. தைரியமா வடக்கப் போடுங்க."